ஒற்றைப் பக்கத் தளங்களுக்கு இன்னும் எத்தனை காலம்? வாசகர் கேள்வி – பதில்

இணையதளங்களை 'சிங்கிள் பேஜ் அப்ளிகேஷன்' என்னும் ஒற்றைப் பக்க முறையில் கட்டும் வழக்கம் இன்னும் சில ஆண்டுகளில் தன் முதன்மை இடத்தை இழந்துவிடும் என்று சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே பல கடிதங்கள் வந்திருப்பதால் இந்த இதழில் வேறு பொருளை எடுத்துக்கொள்ளவில்லை.

ஐயா, நான் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் பகுதியில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் ஒற்றைப் பக்கத் தளங்கள் கட்ட உதவும் ரியாக்ட் என்ற கருவிக்கான ஆறு மாத வகுப்பில் சேர இருந்தேன். 'இணையப் பக்கம் எழுதும் அடிப்படை மொழியான எச்.டி.எம்.எல். ஒரு வாரத்தில் முடிந்துவிடும், அதில் ஒன்றும் இல்லை' என்று அங்கே சொன்னார்கள். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அப்பா தயங்குகிறார். எதை வைத்து வீழ்ச்சி என்கிறீர்கள்? நான் சேரலாமா, வேண்டாமா?
– ஒரு மாணவி, லாஸ்பேட்டை

உங்கள் தந்தையாரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆறு மாத வகுப்பைவிட, அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் அவர் கவலைப்பட வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வழக்கமான தளத்தில் நீங்கள் ஓர் இணைப்பைத் தொட்டால், தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர் அந்தப் பக்கத்தை முழுதாக எழுதி அனுப்பும். பிரவுசர் அதை வாங்கி அப்படியே காட்டும். ஒற்றைப் பக்க முறையில் சர்வர் அனுப்புவது ஏறக்குறைய ஒரு வெற்றுத் தாளும், அதனுடன் பிரவுசருக்குள் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஒரு பெரிய மூட்டையும்தான். அந்த மூட்டையைப் பிரித்து, படித்து, இயக்கி, பிறகு தரவுகளைத் தனியாகக் கேட்டு வாங்கி, பக்கத்தைக் கட்டி முடிக்கும் வேலை முழுவதும் உங்கள் கைபேசியின் தலையில் விழுகிறது. கடலூர் பேருந்து நிலையத்தில் நேரப் பலகையை ஒருமுறை எழுதி மாட்டிவிடாமல், வருகிற ஒவ்வொரு பயணியிடமும் வெறும் பலகையையும் பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் கொடுத்து, 'நேரங்களைக் கேட்டுச் சொல்கிறோம், நீங்களே எழுதிப் படித்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி. கைத்திறனும் நேரமும் உள்ளவர் எழுதிவிடுவார். பண்ருட்டி வண்டி கிளம்புவதற்குள் ஓடிப்போய் ஏற வேண்டியவர் என்ன செய்வார்?

இந்த முறை பிறந்ததற்கு நல்ல காரணம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பக்கத்தை மாற்றாமலே சர்வரிடம் தரவு கேட்டு வாங்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-இல் கொண்டுவந்தது. அதன் ஆற்றலை உலகம் கண்டுகொண்டது 2004 ஏப்ரலில் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸும் வந்தபோதுதான். அதே பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற வடிவமைப்பாளர் அந்த உத்திக்கு 'ஏஜாக்ஸ்' என்று பெயர் சூட்டினார். அதுவரை வரைபடத்தில் ஒவ்வொரு அம்புக்குறியையும் சொடுக்கி, பக்கம் மறுபடி வரும்வரை காத்திருந்த எனக்கு, சுட்டியால் பிடித்து இழுத்ததும் ஊரே நகர்ந்து வந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. 2010-இல் ஆங்குலர் ஜே.எஸ்., 2013 மே மாதம் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், 2014-இல் வியூ என்று கருவிகள் அடுத்தடுத்து வந்தன. நாள் முழுதும் திறந்து வைத்து வேலை பார்க்கும் மின்னஞ்சல் பெட்டிக்குப் பொருந்திய ஒரு முறை, முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் பார்க்க வருகிற திருமண மண்டபத் தளத்துக்கும் பொருந்தும் என்று நாம் முடிவு செய்ததில்தான் தவறு நேர்ந்தது. 'நாம்' என்று எழுதக் காரணம் உண்டு. மஞ்சக்குப்பத்தில் நான் நடத்திவரும் சிறு நிறுவனத்திலும் 2016 முதல் மூன்று ஆண்டுகள் எல்லாத் தளங்களையும் அப்படித்தான் கட்டினோம்.

எதை வைத்துக் கணிக்கிறேன் என்று கேட்டீர்கள். ஒரு தொழில்நுட்பம் தேயத் தொடங்குவதை அதன் எதிரிகள் பேசுவதிலிருந்து அறிய முடியாது. அதைக் கொண்டாடியவர்களே மெல்ல எந்தத் திசையில் நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ரியாக்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வெளிவந்த 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற கருவிதான் பல ஆண்டுகள் ரியாக்ட் கற்க வந்தவர்களின் கைக்கு முதலில் வந்தது. அது உருவாக்கித் தருவது சுத்தமான ஒற்றைப் பக்கத் தளம். 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அக்கருவியைக் கைவிட்டதாக அறிவித்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் வெளியான ரியாக்ட் 19-இல், சர்வரிலேயே இயங்கிப் பிரவுசருக்குத் தன் நிரலை அனுப்பாத 'சர்வர் காம்போனென்ட்' நிலையான வசதியாகச் சேர்ந்துவிட்டது. பத்தாண்டுகளுக்கு முன் சர்வரிலிருந்து பிடுங்கிக் கைபேசியிடம் கொடுத்த வேலையை, கொடுத்தவர்களே திரும்ப எடுத்துச் செல்கிறார்கள்.

இன்னொரு அடையாளம், குறையைச் சரிசெய்ய வந்த ஒட்டுகளின் எண்ணிக்கை. முதல் பக்கம் தாமதமாக வருகிறது என்றதும், சர்வரில் ஒருமுறை பக்கத்தைக் கட்டி அனுப்பி, பிறகு அதே பக்கத்துக்கான நிரலையும் அனுப்பி, கைபேசி மறுபடி எல்லாவற்றையும் நடந்து பார்த்து உயிரூட்டும் 'ஹைட்ரேஷன்' என்ற ஏற்பாடு வந்தது. பயனருக்குப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, பொத்தானை அழுத்தினால் அசையவில்லை. அதைச் சரிசெய்ய மூட்டையைத் துண்டு துண்டாக்கும் முறை, பக்கத்தின் சில பகுதிகளுக்கு மட்டும் உயிரூட்டும் 'தீவு' முறை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. மூலத்தில் இல்லாத சிக்கலுக்கு இத்தனை மருந்து தேவைப்படாது.

மூன்றாவதுதான் என் பார்வையில் மிக வலுவானது. பக்கம் மாறும்போது திரை வெள்ளையாக மின்னுவதைத் தவிர்த்து வழுக்கிக்கொண்டு மாறுவதே ஒற்றைப் பக்க முறையின் கண்ணைக் கவரும் பெருமையாக இருந்தது. அந்த வசதியைப் பிரவுசரே தரத் தொடங்கிவிட்டது. தனித்தனிப் பக்கங்களுக்கு இடையேயும் அத்தகைய மாற்றத்தைக் காட்டும் 'வியூ டிரான்சிஷன்' வசதி 2024 ஜூனில் குரோமிலும் அதே ஆண்டு டிசம்பரில் சஃபாரியிலும் வந்துவிட்டது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். சில வரி போதும். ஒரு கருவியின் பலன் பிரவுசருக்குள் குடியேறிய பிறகு அந்தக் கருவி தன் அவசியத்தை இழப்பதை, ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவதை எளிதாக்க வந்த ஜேகுவெரியின் வரலாற்றிலேயே பார்த்துவிட்டோம்.

இவையெல்லாம் தொழிலில் இருப்பவர்கள் பார்க்கும் அடையாளங்கள். என் மனத்தை மாற்றியது வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நான் ரெயின்போ நகரில் என் அக்கா வீட்டு மாடியில் இருந்தேன். மறுநாள் காலையில் தெருவெல்லாம் தண்ணீர், மின்சாரம் இல்லை, கைபேசியில் 18 விழுக்காடு சார்ஜ், சிக்னல் ஒரு கோடு. அக்காவின் மாமியாருக்கு ஆக்ஸிஜன் கருவி தேவைப்பட்டது. உதவி எண்கள் ஒரு தளத்தில் இருப்பதாக யாரோ இணைப்பை அனுப்பினார்கள். தொட்டேன், வெள்ளைத் திரையில் ஒரு சின்னமும் அதன் கீழே சுழலும் சக்கரமும் வந்தன. இரண்டு நிமிடம் சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. சார்ஜ் 15 ஆனது. நான் தேடிய செய்தி மூன்று தொலைபேசி எண்கள். ஒரு குறுஞ்செய்தியில் அடங்கிவிடும் அளவு. பிறகு ஒரு மருத்துவ நண்பரின் பழைய காலத்துத் தளத்தைத் திறந்தேன். படங்கள் வரவில்லை, எழுத்துகள் கோணலாக வந்தன, ஆனால் எண் வந்தது. எச்.டி.எம்.எல். பாதி வந்தாலும் பாதியைக் காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் மூட்டை பாதி வந்தால் ஒன்றையும் காட்டாது. அன்று மாலை, நான் கட்டிக்கொடுத்த தளங்களின் பட்டியலை எடுத்து, அவற்றில் எத்தனை அந்த ஒரு கோட்டு சிக்னலில் திறந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பாதிக்கும் மேல் திறந்திருக்காது.

இப்போது உங்கள் கேள்வி. சேருங்கள். இன்று ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பராமரிக்கவே இன்னும் பல ஆண்டுகளுக்கு ரியாக்ட் தெரிந்தவர்கள் தேவைப்படுவார்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு மாதமாவது எச்.டி.எம்.எல்., படிவங்கள், குக்கி, தற்காலிகச் சேமிப்பு, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்.டி.டி.பி.-யில் கோரிக்கை எப்படிப் போய் வருகிறது என்பவற்றை நீங்களாகவே கற்றுக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 முற்றிலும் வேறொன்றாக வந்தபோதும், 2021 முடிவோடு பழைய ஆங்குலர் ஜே.எஸ்.-க்கான ஆதரவு நின்றபோதும், கருவியை மட்டும் கற்றிருந்தவர்கள் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருந்தது. அடிப்படையைக் கற்றிருந்தவர்களுக்கு அது வெறும் இடமாற்றம். 'அதில் ஒன்றும் இல்லை' என்று உங்களிடம் சொல்லப்பட்ட அந்த ஒரு வாரப் பாடத்துக்குள்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த ஆண்டில் இது நடக்கும் என்று துணிந்து சொல்வீர்களா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

சொல்கிறேன். 2030 முடிவதற்குள், புதிதாகத் தொடங்கப்படும் செய்தித் தளம், அரசுச் சேவைத் தளம், சிறு வணிகத் தளம் ஆகியவற்றை முழு ஒற்றைப் பக்க முறையில் கட்டலாம் என்று ஒருவர் முன்மொழிந்தால், 'ஏன்?' என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்று அந்தக் கேள்வி, ஒற்றைப் பக்க முறை வேண்டாம் என்பவரிடம்தான் கேட்கப்படுகிறது. ஃபிளாஷுக்கு நடந்ததைப் போல ஒரு நாளில் முடிந்துவிடாது. பிரவுசரில் அசைபடங்களும் விளையாட்டுகளும் காட்டிய ஃபிளாஷ் ஒரு நிறுவனத்தின் சொத்து. அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் நாள் ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் அது இயங்கவே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் எல்லாப் பிரவுசருக்கும் பொதுவான மொழி, அதை நிறுத்த யாராலும் முடியாது. ஆகவே இந்த முறை சாகாது, தனக்குரிய அளவுக்குச் சுருங்கும்.

ஐயா, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். வார இறுதியில் ஊருக்கு வரும்போது உங்கள் பகுதியைப் படிப்பேன். ட்விட்டர் 2012-இல் சர்வருக்குத் திரும்பியதை உங்களைப் போன்றவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். அதே நிறுவனம் 2019-இல் தன் தளத்தை மறுபடியும் ஒற்றைப் பக்க முறையில் கட்டியதைச் சொல்வதில்லை. உங்கள் கணிப்பு ஆசையின் விளைவு என்று நினைக்கிறேன்.
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

தாங்கள் சொல்வது இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2010-இல் ட்விட்டர் பக்கத்தைக் கட்டும் வேலையைப் பிரவுசரிடம் ஒப்படைத்தது. 2012 மே மாதம் அதைச் சர்வருக்கே திரும்பக் கொண்டுவந்தபோது, தொடக்கப் பக்கம் வரும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று அந்நிறுவனப் பொறியாளர்களே எழுதினார்கள். 2017-இல் கைபேசிக்கென வந்த ட்விட்டர் லைட்டும், 2019-இல் அதை அடிப்படையாகக் கொண்டு வந்த கணினித் தளமும் மறுபடி ஒற்றைப் பக்க முறையில் அமைந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் மூட்டையைச் சிறு துண்டுகளாக்கும் வித்தையை அவர்கள் கற்றிருந்தார்கள். அதற்கென ஒரு பெரிய பொறியாளர் குழுவும் இருந்தது. தவிர, அது மணிக்கணக்கில் திறந்து வைத்து உருட்டிக்கொண்டே இருக்கும் தளம். ஒருமுறை கொடுக்கும் விலைக்கு நூறுமுறை பயன் கிடைக்கிறது. வரைபடமும் மின்னஞ்சலும் இணையத்தில் படம் வரையும் கருவிகளும் அப்படிப்பட்டவையே. அவற்றில் இந்த முறை நீடிக்கும், நீடிக்கவும் வேண்டும்.

என் கணிப்பு அவற்றைப் பற்றியதன்று. ஒரு தளத்துக்குள் மனிதர் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதே என் அளவுகோல். அரை நிமிடத்தில் ஒரு செய்தியைப் பார்த்துவிட்டுப் போகிறவரிடம் முழுப் பட்டறையையும் தூக்கிக் கொடுப்பது முறையாகாது. நெட்ஃபிளிக்ஸ் தன் தளத்துக்குள் நுழையாத புதியவர்கள் பார்க்கும் முகப்புப் பக்கத்தில் மட்டும், பிரவுசரில் ஓடும் ரியாக்டை 2017-இல் நீக்கிவிட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்டை வைத்தது. பக்கம் இயங்கத் தொடங்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உள்ளே நுழைந்து தங்குபவர்களுக்கு ரியாக்ட் தொடர்ந்தது. இந்தப் பாகுபாட்டைத்தான் நானும் கேட்கிறேன்.

ஆசை என்றீர்கள். ஆசையும் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் தாங்கள் அலுவலகத்தில் சோதித்துப் பார்க்கும் கைபேசியையும், பாகூரில் வயல்வேலைக்குப் போகிறவர் மூன்றாண்டுகளாக வைத்திருக்கும் கைபேசியையும் ஒருநாள் அருகருகே வைத்து ஒரே தளத்தைத் திறந்து பாருங்கள். இணைய வேகம் ஒன்றாகவே இருந்தாலும், ஜாவாஸ்கிரிப்டைப் படித்து இயக்க இரண்டாவது கைபேசி பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். வேகமான நெட்வொர்க் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தொட்டதற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதத்தைக் கூகுள் 2024 மார்ச் முதல் தன் தர அளவுகளில் ஒன்றாக ஆக்கியிருக்கிறது. 200 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் நல்லது என்கிறது. அந்த அளவு எளிய கைபேசிகளின் பக்கம் நிற்கிறது.

எங்கள் பள்ளித் தளத்தின் எந்தப் பக்கத்தை வாட்ஸாப்பில் அனுப்பினாலும் ஒரே தலைப்பும் ஒரே படமும்தான் வருகின்றன. ஆண்டு விழா அறிவிப்பை அனுப்பினாலும் பள்ளிச் சின்னமே தெரிகிறது. இதற்கும் நீங்கள் சொல்வதற்கும் தொடர்பு உண்டா?
– ஓர் ஆசிரியை, வில்லியனூர்

நேரடித் தொடர்பு உண்டு. வாட்ஸாப் முன்னோட்டம் காட்டுவதற்காகப் பக்கத்தின் எச்.டி.எம்.எல்.லை மட்டுமே படிக்கிறது, ஜாவாஸ்கிரிப்டை இயக்குவதில்லை. தங்கள் தளத்தில் எல்லா முகவரிக்கும் ஒரே வெற்றுத் தாள் போவதால் ஒரே சின்னம் வருகிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் படத்தையும் சர்வரிலேயே எழுதி அனுப்பும்படி தளம் செய்தவரிடம் கேளுங்கள்.

பண்ருட்டியில் முந்திரி மொத்த வியாபாரம் செய்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தளம் செய்தேன். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் வெளியூர் வாங்குவோர் 'திறக்கவே மாட்டேன் என்கிறது, விலையைப் போனில் சொல்லுங்கள்' என்கிறார்கள். செய்து கொடுத்தவர்கள் கேட்டால், 'உலகமே இப்படித்தான் செய்கிறது' என்கிறார்கள். முழுவதையும் இடித்துவிட்டுக் கட்ட வேண்டுமா?
– ஒரு வியாபாரி, பண்ருட்டி

கடிதத்தோடு தாங்கள் அனுப்பிய முகவரியைத் திறந்து, என்னென்ன இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் 1.9 எம்.பி. வருகிறது. தளத்தில் உள்ள செய்தியையோ ஒரு தாளில் எழுதிவிடலாம்: டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று முழுப்பருப்பு மூன்று தரம், இரண்டாகப் பிளந்தது, உடைசல், அன்றைய விலை, குறைந்தபட்ச அளவு, முகவரி, இரண்டு எண்கள். இவற்றை வெறும் எழுத்தாகச் சேமித்துப் பார்த்தேன். 4 கிலோபைட்கூட வரவில்லை. வாங்குபவர் லாரியில் உட்கார்ந்துகொண்டோ சந்தையில் நின்றுகொண்டோ பார்க்கிறார். அவருக்கு வேண்டியது டபிள்யூ 320 இன்று என்ன விலை என்பது மட்டும். தங்கள் தளம் அவரை முதலில் சக்கரத்தைப் பார்க்கச் சொல்கிறது, அடுத்து முந்திரிக் கொட்டை சுழன்று விழும் காட்சியைப் பார்க்கச் சொல்கிறது, அதன் பிறகே விலையைக் கேட்டு வாங்கி வருகிறது.

இடிக்க வேண்டாம். விலைப்பட்டியல் பக்கத்தை மட்டும் சர்வரிலேயே எழுதி அனுப்பும் சாதாரணப் பக்கமாக மாற்றச் சொல்லுங்கள். அனுபவம் உள்ள ஒருவருக்கு இரண்டு மூன்று நாள் வேலை. தர வாரியாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் வசதி வேண்டுமென்றால், 2020-இல் முதல் முழுப் பதிப்பு வந்த எச்.டி.எம்.எக்ஸ். போன்ற சிறு நிரல் தொகுப்பு போதும். சுருக்கி அனுப்பும்போது அதன் அளவு சுமார் 14 முதல் 16 கிலோபைட்தான், பக்கத்தில் மாற வேண்டிய பகுதியை மட்டும் சர்வரிடமிருந்து எச்.டி.எம்.எல்.லாகவே வாங்கி வைக்கும். 'உலகமே இப்படித்தான்' என்று மறுபடி சொன்னால், தங்கள் கடைப் பையனின் கைபேசியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு அவர்கள் முன்னிலையிலேயே தளத்தைத் திறந்து காட்டுங்கள். விலையும் தொலைபேசி எண்ணும் அப்போதும் தெரிந்தால் மட்டுமே மீதித் தொகையைக் கொடுங்கள். எண்ணைப் பக்கத்தின் அடியில் வைக்காமல் முதல் வரியிலேயே, தொட்டதும் அழைப்பு போகும்படி வைக்கச் சொல்லுங்கள். முந்திரி விழும் காட்சி 'எங்களைப் பற்றி' பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.